கவிதையின் நேரம் யார் கையில்?

‘கண்ணன் பாட்டு’ இரண்டாம் பதிப்புக்கு 1919இல் வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார். பாடல்களின் நயங்களை எடுத்துச் சொல்லிக்கொண்டே வருபவர், ஓரிடத்தில் புத்தகத்தை விட்டுப் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்விடுகிறார். நிலவொளியில் பாரதி தாம் புதிதாகக் கட்டிய பாட்டுகளைத் தம் குரலிலேயே பாடக் கேட்டவர்கள்தாம் இவற்றின் அருமையை முழுதும் அறிவார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்கும் பேறு பெற்ற நண்பர் சொன்னது அது. நம்மிடம் இருப்பதோ புத்தகம் மட்டும். பாரதியின் குரல் எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. 1921இல் அவர் மறைந்த பிறகு வந்த தலைமுறைகள் எல்லாம் அந்தப் பாடல்களை அச்சில் படித்தும், பிறர் வாயால் கேட்டும்தான் நேசித்திருக்கின்றன. அப்படியானால் நாம் இழந்தது எது? கடற்கரையில் இருந்து, தாளில் இல்லாமல் போனது எது?

‘ஓசை’ என்பதே வழக்கமான பதில். மேடையில் கவிதைக்கு ஓசை உண்டு, தாளில் இல்லை. எனவே கேட்பது நிறைவு, படிப்பது குறை என்பார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. மௌனமாகப் படிப்பவனுக்கும் ஓசை கேட்கிறது. திருப்புகழ்ப் பாடல் ஒன்றை உதடு அசையாமல் படித்துப் பாருங்கள். சந்தம் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். அருணகிரிநாதரின் அடிகளைத் தாளம் இல்லாமல் வெறும் பொருளுக்காகப் படிப்பது எவராலும் முடியாத காரியம்.

ஆய்வுக்கூடங்களிலும் இதற்குச் சான்று இருக்கிறது. ரூத் ஃபிலிக், எம்மா பார்பர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தடி கொண்ட ஆங்கில வேடிக்கைப் பாடல்களைச் சிலரிடம் தந்து மௌனமாகப் படிக்கச் சொல்லிக் கண்ணசைவை அளந்தார்கள். படித்தவர்களில் வட இங்கிலாந்துக்காரர்களும் உண்டு, தென் இங்கிலாந்துக்காரர்களும் உண்டு. சில பாடல்களின் கடைசிச் சொல் வடக்கத்திய உச்சரிப்பில் இயைபு பெறும், தெற்கத்திய உச்சரிப்பில் பெறாது, சிலவற்றில் நேர்மாறு. தம் ஊர்ப் பேச்சில் இயைபு தட்டிய இடத்தில் படிப்பவரின் கண் தடுமாறியது. வாய் திறக்காமலே அவர்கள் தத்தம் ஊர்க் குரலில் படித்துக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு பிரான்சில் நடந்த வேறோர் ஆய்வு இன்னும் நேரடியானது. வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகள் மௌனமாகப் படித்தபோது, மனிதக் குரலைக் கேட்டால் விழித்துக்கொள்ளும் செவிப்புலப் பகுதிகள் அவர்களிடம் இயங்கின. கவனம் வைத்துப் படித்த சொற்களுக்கு அந்த இயக்கம் கூடுதலாக இருந்தது.

ஆகவே ஓசை மேடையின் தனிச்சொத்து அல்ல. தமிழ்ச் செய்யுளின் வரலாறும் இதையே சொல்கிறது. பனையோலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் இருந்தன. ரகரத்தையும் காலையும் பிரித்தறிவது பல ஏடுகளில் கடினம். அடிகளைத் தனித்தனி வரியாக எழுதும் வழக்கமும் இல்லை. ஓலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை செய்யுள் உரைநடைபோல ஓடும். இத்தகைய ஏட்டைக் கண்ணால் மட்டும் படிக்க இயலாது. சீர் எங்கே முடிகிறது, தளை எங்கே தட்டுகிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். ஏடு பார்ப்பவன் முணுமுணுத்துப் பார்த்து, ஓசை சரியாக விழுந்த இடத்தில்தான் எழுத்து இன்னது என்று முடிவு செய்வான். எழுத்தறிவுக்கே யாப்பறிவு துணைநின்ற காலம் அது.

அச்சு வந்த பிறகும் கண் உடனே விடுதலை பெற்றுவிடவில்லை. காலனியத் தமிழகத்தின் வாசிப்பு முறைகளை ஆராய்ந்த ஆ.இரா. வேங்கடாசலபதி, ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் பழக்கம் நெடுங்காலம் நீடித்ததையும், நாவலும் நடுத்தர வர்க்கமும் வளர வளர மௌன வாசிப்பு வேரூன்றியதையும் காட்டியிருக்கிறார். செய்யுளைக் கண்ணுக்கு முழுதாகத் திறந்துவிட்டவை 1950களில் வந்த மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள். சந்தி பிரித்து, நிறுத்தக் குறி இட்டு, குறைந்த விலையில் வந்த அந்த நூல்கள் சங்கப் பாடலைப் புலவர் துணையின்றிப் படிக்கும் வாய்ப்பைப் பொதுவாசகருக்குத் தந்தன. அதற்கு ஒரு விலை இருந்தது. சீராகப் பிரித்தால் ஓசை தெரியும், பொருள் மறையும். சொல்லாகப் பிரித்தால் பொருள் தெரியும், ஓசை சிதறும். விலை கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன். அந்தப் பதிப்புகள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் அகநானூற்றின் பக்கமே போயிருக்க மாட்டோம்.

ஓசை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றால், வேறுபாடு எங்கே? நேரத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. படிக்கும்போது கவிதையின் நேரம் வாசகன் கையில். ஓரடியில் பத்து நிமிடம் நிற்கலாம், மேலே போய்த் திரும்பி வரலாம், கடைசி வரியை முதலில் பார்க்கலாம், பாதியில் மூடி வைக்கலாம். கேட்கும்போது இந்த உரிமை எதுவும் இல்லை. அடுத்த சொல் எப்போது வரும் என்பதை ஆற்றுபவர் தீர்மானிக்கிறார். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதில்தான் கேட்பதன் இன்பமெல்லாம் இருக்கிறது. கூடவே, பக்கத்தில் இருப்பவரும் அதே நொடியில் அதே சொல்லுக்குக் காத்திருக்கிறார்.

பழைய யாப்பு முழுவதும் காத்திருப்பவனுக்காகச் செய்யப்பட்டது. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய தொகைகளில் உள்ளவை பெரும்பாலும் நேரிசை ஆசிரியப்பா. எல்லா அடிகளும் நான்கு சீராக நடந்துவரும். கடைசிக்கு முந்திய அடி மட்டும் மூன்று சீரில் குறுகும். ஏன் கடைசி அடி குறுகாமல் அதற்கு முந்தியது குறுக வேண்டும்? தாளில் பார்க்கிறவனுக்குப் பாட்டு எங்கே முடிகிறது என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். கேட்கிறவனுக்குத் தெரியாது. அகநானூற்றுப் பாடல் 13 அடியிலும் முடியலாம், 31 அடிவரையும் போகலாம். குறுகிய அந்த அடி காதில் விழுந்ததும், இன்னும் ஒரே அடிதான் என்று கேட்பவனுக்குச் செய்தி கிடைக்கிறது. அவன் நிமிர்ந்து உட்காருகிறான். முழு நீளத்தில் இறுதியடி வந்து ஏகாரத்தில் முடிகிறது. யாப்பிலக்கணம் இதை ‘ஈற்றயலடி முச்சீர்’ என்று விதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு இது பார்வையாளரை அறிந்த ஒரு நிகழ்த்துகலையின் நுட்பமாகவே படுகிறது. வெண்பா வேறு வழியில் போகிறது. அங்கே ஈற்றடியே மூன்று சீரில் குறுகி, நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் சட்டென்று நின்றுவிடும். எந்த இடத்தில் நிற்கும் என்பது கேட்பவனுக்குத் தெரியும், எந்தச் சொல்லில் என்பதுதான் தெரியாது.

ஃபிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. ஜெர்மன் மொழிக் கவிதைகளை உரக்கச் சொல்லக் கேட்டவர்களுக்கு எந்தச் சொல்லில் மெய்சிலிர்க்கிறது என்று தோலைப் படம்பிடித்தும் நாடியை அளந்தும் பார்த்தார்கள். சிலிர்ப்புகள் கவிதை முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. அடியின் முடிவு, பத்தியின் முடிவு, கவிதையின் முடிவு ஆகிய இடங்களில் குவிந்திருந்தன. சிலிர்ப்புக்கு முன்பே, எதிர்பார்ப்போடு தொடர்புடைய மூளைப் பகுதி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ஈற்றடியில் கவனத்தைக் குவித்த நம் புலவர்கள் இதைக் கருவி இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

பாடலும் ஆற்றுகையும் ஒட்டியே பிறந்தன என்பதற்குப் பரிபாடலின் அடிக்குறிப்புகள் போதும். எழுபது பாடல்களில் நமக்கு முழுதாகக் கிடைத்தவை 22. அவற்றில் பலவற்றின் கீழே பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் இருக்கின்றன. பெட்டனாகனார், கண்ணாகனார், நன்னாகனார் என்று இசை வகுத்தவர்களும் புலவருக்கு இணையாகப் பெயர் பெற்றிருக்கிறார்கள். ஒரு கவிதைக்கு இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் சொல்லுக்கு, மற்றவர் அந்தச் சொல் நடக்கும் நேரத்துக்கு. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்ற பண்பெயர்கள் ஏட்டில் தங்கிவிட்டன. அவர்கள் வகுத்த இசை அவர்களோடு போய்விட்டது.

தேவாரத்தில் அந்த இழப்பு முழுமையாக நேரவில்லை. ஓதுவார் மரபு அதைக் காத்தது. தேவார ஏடுகளுக்கும் பதிப்புகளுக்கும் இரண்டு அடைவுகள் உண்டு. பண்முறை, பதிகங்களைப் பண் வாரியாக அடுக்குகிறது. தலமுறை, கோயில் வாரியாக அடுக்குகிறது. பண்முறை பாடுகிறவருக்கு உரியது, தலமுறை ஊரூராகப் போய் வழிபடுகிறவருக்கும் தனியே அமர்ந்து படிக்கிறவருக்கும் உதவுவது. புத்தகத்தைப் புரட்டியதுமே அது வாய்க்கா கண்ணுக்கா என்று சொல்லிவிடலாம். ஓதுவார்கள் தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றி விரித்துப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் சொல்வார்கள். சுத்தாங்கத்தில் ஒரு சொல்லில் எவ்வளவு நேரம் தங்குவது என்பது முழுக்கப் பாடுகிறவர் விருப்பம். அப்பரின் தாண்டகத்தை நல்ல ஓதுவார் ஒருவர் அப்படிப் பாடும்போது, நான் மௌனமாகப் படிக்கையில் தாண்டிப்போன ஒரு விளிச்சொல் என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிராது.

இசை கவிதையை விழுங்கிவிடுமோ என்ற அச்சமும் பழையதுதான். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், அங்கேயே கோபாலகிருஷ்ண பாரதியிடம் சங்கீதமும் கற்கத் தொடங்கினார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கிய இலக்கணத்தில் புத்தி ஊன்றாது என்று அவர் கருதியதால், மாணவர் சங்கீதப் பாடத்தை நிறுத்திவிட்டார். பின்னர்த் திருவாவடுதுறையில் சுப்பிரமணிய தேசிகர் அதே மாணவர் செய்யுள்களை இசையோடு சொல்லக் கேட்டு மகிழ்ந்ததையும் ‘என் சரித்திரம்’ பதிவு செய்கிறது. ஆசிரியர் அஞ்சியதும் மடத்தின் தலைவர் ரசித்ததும் ஒன்றையே. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ராகம் மேலோங்கினால் சொல் வெறும் அசையாகிவிடும். இன்றைய கச்சேரிகளில் துக்கடாவாகப் பாடப்படும் பல தமிழ்ப் பாடல்களுக்கு நேர்ந்திருப்பது அதுதான்.

இந்தச் சிக்கலுக்கு நம்மவர் கண்ட தீர்வுகளில் மிகச் சிறந்தது என்று நான் கருதுவது யாழ்ப்பாணக் கோயில்களின் புராண படனம். கந்தபுராணச் செய்யுளை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். வாசிப்பவர் காத்திருப்பார், பயன் சொல்பவர் முடித்ததும் அடுத்த செய்யுளை எடுப்பார். காதுக்கு ஒரு நேரம், அறிவுக்கு ஒரு நேரம் என்று ஒரே அவையில் இரண்டும் மாறி மாறி நடக்கின்றன. எழுத்தறியாதவரும் பண்டிதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடிந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று ஒரு சமூகத்தையே அடையாளப்படுத்த முடிந்தது இந்தப் பழக்கம் அவ்வளவு ஊறியிருந்ததால்தான்.

கவியரங்கம் வேறு வகை. பழைய அரங்கேற்றத்தின் வழித்தோன்றல் என்று அதைச் சொல்வார்கள். மதுரை மேடைப் பேச்சை ஆராய்ந்து 2009இல் நூல் எழுதிய பெர்னார்ட் பேட், திராவிட இயக்கத்தின் செந்தமிழ்ப் பேச்சு பழமையின் தோற்றம் கொண்ட 20ஆம் நூற்றாண்டுப் படைப்பு என்று காட்டினார். கவியரங்கத்துக்கும் அது பொருந்தும் என்றே எண்ணுகிறேன். ஒலிபெருக்கி, மாநாட்டுப் பந்தல், வானொலி ஆகியவை உருவாக்கிய வடிவம் அது. தலைவர் ஒருவர், பொதுத் தலைப்பு ஒன்று, ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு கிளைத் தலைப்பு. தலைவர் ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அழைப்பார், வந்தவர் கவிதையாலேயே அவைவணக்கம் சொல்வார். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே வரியை இருமுறை சொல்லும் உத்தி. முதல்முறை வரி கேள்வியாகத் தொங்கும். இரண்டாம் முறை அதே வரி வந்து, தொடர்ந்து முடிப்பு விழும், கைதட்டல் எழும். திரும்பிப் படிக்கும் உரிமையை இழந்தவனுக்காகக் கவிஞரே ஒருமுறை திரும்பிப் படித்துக் காட்டுகிறார். அதே சமயம், வர இருப்பதை அவை ஊகித்துக்கொள்ள அவகாசமும் தருகிறார். ஊகம் பலித்தாலும் மகிழ்ச்சி, பொய்த்தாலும் மகிழ்ச்சி. மு. கருணாநிதி, கண்ணதாசன், அப்துல் ரகுமான் போன்றவர்களுக்குக் கூட்டம் திரண்டதில் வியப்பில்லை. ஆயிரம் பேர் ஒரு சொல்லுக்காக ஒன்றாக மூச்சைப் பிடித்திருப்பது எளிய சாதனை அன்று. அதைத் தாழ்வாகப் பேசும் விமர்சகர்கள் அந்தக் கூட்டத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனாலும் கைதட்டல் கவிதையின் உருவத்தை மாற்றியது. நான்கு வரிக்கு ஒருமுறை முடிப்பு விழ வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் கவிதை துண்டு துண்டாகிறது. சிலேடையும் முரணும் பெருகுகின்றன, ஐயமும் தயக்கமும் மறைகின்றன. மேடையில் இடிபோல் விழுந்த பல வரிகள் தொகுப்பாக அச்சில் வந்தபோது வெளிறிப்போனதற்குக் காரணம், அவற்றின் பாதி வலு அவையின் காத்திருப்பில் இருந்ததுதான். அந்தக் காத்திருப்பை அச்சுக்கோக்க முடியாது.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழின் கவிஞர்கள் மறுமுனைக்குப் போனார்கள். ந. பிச்சமூர்த்தி, பிரமிள், சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், பசுவய்யா ஆகியோரின் கவிதைக்குக் கூட்டம் தேவைப்படவில்லை. வரியை எங்கே உடைப்பது என்பது கவிஞரின் முடிவாயிற்று. உடைத்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகரின் முடிவாயிற்று. பிரமிளின் ‘காவியம்’ சில வரிகளே கொண்டது. அதை மேடையில் சொன்னால் கூட்டம் கவனிக்கத் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். தாளில் அது முடிவதே இல்லை. படித்து முடித்த கண் மறுபடி மேலே போகிறது. இத்தகைய கவிதை மௌன வாசிப்பு பரவியிராவிட்டால் தமிழில் பிறந்திருக்காது. 1971இல் கோவையில் எழுந்த வானம்பாடிகள் புதுக்கவிதையை மீண்டும் மக்கள் முன்னால் கொண்டுபோனபோது, அதே உடைந்த வரிகள் உரத்த குரலுக்கு உதவின. வடிவம் ஒன்றாக இருந்தும் யார் நேரத்துக்காக எழுதப்பட்டது என்பதில் இரு கவிதைகளும் விலகி நின்றன.

இரு நேரங்களையும் ஒரே கவிதைக்குள் வைக்க முயன்றவர் ஈழத்தின் மஹாகவி (1927–1971). அவர் யாப்பைக் கைவிடவில்லை. பேச்சோசையை அதற்குள் கொண்டுவந்தார். அச்சில் அடிகளைப் பேச்சு நிற்கும் இடங்களுக்கேற்ப உடைத்துப் போட்டார். கண் பேச்சைப் பின்தொடர்ந்து போகும். காது அடியிலே ஓடும் சீர்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். ‘கண்மணியாள் காதை’ வில்லுப்பாட்டுக்காகவே எழுதப்பட்டது, இன்று அதைத் தனியே படித்தாலும் நிற்கிறது. தமிழ்நாட்டுப் புதுக்கவிதை விவாதங்களில் அவர் பெயர் போதிய அளவு பேசப்படாதது எனக்குத் தீராத வருத்தம். யாப்பா, வசனமா என்று இங்கே சண்டையிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், அந்தச் சண்டைக்கே தேவையில்லாத ஒரு வழியை அவர் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.

1980களில் யாழ்ப்பாணத்தில் ‘கவிதா நிகழ்வு’ என்ற வடிவம் தோன்றியது. பலர் சேர்ந்து நின்று, வெவ்வேறு கவிஞர்கள் எழுதியவற்றைப் பேச்சாகவும் பாட்டாகவும் அவை முன் ஆற்றினார்கள். அங்கே கவியரங்கின் தலைவர் இல்லை, முடிப்புக்குக் கைதட்டலை எதிர்பார்ப்பதும் இல்லை. ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு 1985இல் வந்தது. அதிலுள்ள கவிதைகளை இன்று டொராண்டோவிலோ சென்னையிலோ தனியறையில் படிப்பவருக்கு, தாங்க முடியாத இடத்தில் நிறுத்திக்கொள்ள முடியும். போர்க்காலத்தில் அவையில் உட்கார்ந்து அத்தகைய வரிகளைக் கேட்டவர்களுக்கு அப்படி நிறுத்த வழியில்லை. ஆனால் தனியாகத் தாங்க வேண்டிய நிலையும் அவர்களுக்கு இல்லை.

இப்போது மூன்றாவது ஒரு நிலை வந்திருக்கிறது. கைப்பேசியில் கேட்கும் கவிதைக்குக் குரல் உண்டு. நேரமோ மீண்டும் கேட்பவர் கையில். நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், வேகத்தைக் கூட்டலாம். பழைய கவியரங்கப் பதிவுகளை இப்படிக் கேட்கும்போது வரியை இருமுறை சொல்வது சலிப்பூட்டுகிறது. அறையில் நம்மோடு யாரும் காத்திருக்கவில்லை. தருமபுரம் ப. சுவாமிநாதனின் தேவாரப் பதிவுகள் அப்படிச் சலிப்பதில்லை. அவர் ஒரு சொல்லில் தங்கும்போது என் விரல் நிறுத்தும் பொத்தானைத் தேடுவதில்லை. கேட்கும் நேரத்தை அவரிடமே விட்டுவிட மனம் ஒப்புகிறது. ஒலிப்பதிவுக்காக இன்று எழுதும் இளம் கவிஞர்கள் இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.